மொஸ்கோனியா, ஜெட்டாவா, டெர்பியா? புதிதாகப் பூல் பார்க்க வருகிறவர்களுக்கு

அத்தை பையன் ஒருத்தன் பல்லடம் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிறான். போன மாதம் ஒரு சீர் விசேஷத்தில் பந்தியில் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தவன், "ஏனுங் மாமா, இந்தப் பூல் ஆட்டத்தைத் துண்டு துண்டாவே பாத்துட்டிருக்கேன். ஒரு வருசம் ஒழுங்காப் பாக்கோணும்னா எதைப் பாக்கறதுங்?" என்று கேட்டான். பாயசம் வருவதற்குள் சொல்லி முடித்துவிடலாம் என்று நினைத்து ஆரம்பித்தேன். கை காய்ந்து, அடுத்த பந்திக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றதுதான் மிச்சம். அன்றைக்குச் சொன்னதையும் சொல்ல விட்டதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

அவன் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்களில் பாதிப் பேருக்கு அதேதான் இருக்கும். ஷிப்ட் மாறி மாறி வரும், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் அரை நைட், ஒரு வாரம் முழு நைட். மில்லுக்குப் போக வர பஸ்ஸில் முக்கால் மணி நேரம். காசு கட்டிப் பார்ப்பதென்றால் ஒரே ஒரு ஆப், அதுவும் வீட்டில் தெரியாமல். ஆக, எந்தப் போட்டி பெரியது என்பதல்ல கேள்வி. அவன் கண் விழித்திருக்கும் நேரத்தில், அவன் கையில் இருக்கும் நேரத்துக்குள் எது அடங்கும் என்பதுதான்.

நம்ம பக்கம் க்யூ ஸ்டிக் என்றாலே ஸ்னூக்கர்தான் ஞாபகம் வரும். அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. 1875இல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரிகள் பொழுதுபோக்காகத் தொடங்கிய ஆட்டத்துக்கு விதிகளை எழுதி 1882இல் சுவரில் மாட்டியது மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் வரும் ஊட்டி கிளப்பில்தான். பூல் வேறு சங்கதி. மேசை 12 அடி இல்லை, 9 அடி. இன்றைக்கு உலக அளவில் பெரிய பணம் புரளும் நைன் பால் ஆட்டத்தில் பந்தும் ஒன்பதுதான். மேசையில் இருக்கிற பந்துகளில் எண் குறைந்ததை வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும், ஒன்பதாம் எண் பந்தை யார் விழ வைக்கிறாரோ அவருக்கு அந்த ரேக், அதாவது அந்தச் சுற்று. ஒன்றாம் பந்தைத் தொட்டு, அது போய் ஒன்பதைத் தள்ளிக் குழியில் விட்டாலும் ரேக் அவருக்குத்தான். ஃபவுல் செய்தால் எதிராளி வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். கேரம் ஆடி வளர்ந்தவர்களுக்கு இது அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

சரி, போட்டிகளுக்கு வருகிறேன்.

எல்லோரும் முதலில் விழுவது மொஸ்கோனி கப்பில். நானும் அங்கேதான் விழுந்தேன். 1994இல் இங்கிலாந்தில் தொடங்கியது, அதற்கு முந்தைய வருடம் இறந்துபோன அமெரிக்க ஆட்டக்காரர் வில்லி மொஸ்கோனியின் பெயரில். பக்கத்துக்கு ஐந்து பேராக அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதும், ஒவ்வொரு மேட்சிலும் முதலில் 5 ரேக் எடுத்தவருக்கு ஒரு புள்ளி, முதலில் 11 புள்ளி எடுத்த அணிக்குக் கோப்பை. டிசம்பரில் நாலைந்து நாள். கூட்டம் கத்தும், பாடும், எதிரணிக்காரன் குனிந்து குறி பார்க்கும்போதே கூச்சல் போடும். ஸ்னூக்கர் அரங்கத்தில் இருமினாலே திரும்பிப் பார்ப்பார்கள், இங்கே நம்மூர் கபடிப் போட்டி போல இருக்கும். ஆட்டமே தெரியாதவனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்க இதைவிட நல்லது கிடையாது.

ஆனால் ஒரு வருடத்துக்கு ஒன்றே ஒன்று என்றால் நான் இதைச் சொல்ல மாட்டேன். நேரம் ஒரு காரணம். லண்டனில் மாலை 6 மணி என்றால் நமக்கு இரவு 11:30, முடியும்போது மூன்று மூன்றரை. முழு நைட் வாரம் என்றால் டீ இடைவேளையில் மறைந்து பார்க்கலாம், சூப்பர்வைசர் நல்லவராக இருக்க வேண்டும். பகல் ஷிப்ட் வாரமென்றால் தறி ஓடுகிற மாதிரி மறுநாள் முழுக்கக் காதில் இரையும். போட்டி அமெரிக்காவுக்குப் போகும் வருடத்தில் இன்னொரு கூத்து: லாஸ் வேகஸில் மாலை 7 என்றால் நமக்கு மறுநாள் காலை 8:30, அது எவனுக்கும் உதவாத நேரம்.

அதைவிடப் பெரிய காரணம் ஆட்டத்தின் நீளம். பூல் ஆட்டக்காரர்களுக்கு ஃபார்கோ என்று ஒரு ரேட்டிங் கணக்கு உண்டு. இருவருக்கும் 100 புள்ளி வித்தியாசம் என்றால், பலமானவர் இரண்டு ரேக் எடுக்கும்போது மற்றவர் ஒன்று எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம். உச்சியில் இருக்கிறவர்களுக்குள் அந்த இடைவெளி பத்து, இருபது என்றுதான் இருக்கும். அப்படிப்பட்ட இருவர் 5 ரேக்குக்கு ஆடினால் என்ன தெரியும்? பிரேக்கில், அதாவது ரேக்கைத் தொடங்கும் முதல் அடியில், இரண்டு பந்து யாருக்கு நல்லபடி விழுந்தது என்று தெரியும். யார் நல்ல ஆட்டக்காரர் என்று தெரியாது. பரபரப்பு இருக்கும், பாடம் இருக்காது. போதாதற்கு 2020 முதல் 2024 வரை ஐந்து வருடமும் ஐரோப்பாவே ஜெயித்ததால், அந்தப் பரபரப்பும் சில வருடம் மூன்றாம் நாளே அடங்கிப்போனது. 2023இல் 11-3. அன்றைக்கு நான் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான்.

இரண்டாவது, உலக நைன் பால் சாம்பியன்ஷிப். என் ஓட்டு இதற்குத்தான். 1990இல் ஜெர்மனியில் முதன்முதலாக நடந்தது, முதல் இரண்டு வருடமும் அமெரிக்கர் ஏர்ல் ஸ்ட்ரிக்லாண்ட். அப்புறம் ஊர் ஊராகச் சுற்றி, 2024லும் 2025லும் சவுதி ஜெட்டாவில் நடந்தது. இது நமக்கு அடித்த யோகம். ஜெட்டாவில் இரவு 8 என்றால் நமக்கு 10:30, இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம். நம்ம ஊரிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்களுக்கு வீட்டிலிருந்து போன் போடுகிற நேரம்தான் அது. 128 பேர், ஆறு நாள். முதலில் ஒரு தோல்வியைத் தாங்கிக்கொள்ளலாம், இரண்டாவது தோல்வியில் வெளியே. 64 பேரான பிறகு ஒரு தோல்வியிலேயே மூட்டை கட்ட வேண்டியதுதான். இந்த ஒரு தோல்வி சலுகை இருப்பதால் முதல் நாளே பெரிய ஆள் காணாமல் போவது குறைவு. தோற்றவர்கள் பக்கம் போய், பெயர் தெரியாத ஒரு வியட்நாம் பையனிடமோ போலந்துக்காரரிடமோ மாட்டிக்கொண்டு திணறுவதைப் பார்ப்பதில்தான் முதல் இரண்டு நாளின் ருசியே இருக்கிறது.

இறுதி ஆட்டம் 15 ரேக்குக்கு. 2024இல் ஃபெடோர் கோர்ஸ்ட் அல்பேனியாவின் எக்லென்ட் காச்சியை 15-14 என்று ஜெயித்தார், ஒரே ஒரு ரேக். மறுவருடம் அதே கோர்ஸ்ட் மறுபடி இறுதிக்கு வந்து, பிலிப்பைன்ஸின் கார்லோ பியாடோவிடம் 13-15 என்று தோற்றார். முதல் பரிசு 2,50,000 டாலர். இந்த இரண்டு ஆட்டத்தையும் அடுத்தடுத்து பாருங்கள். ஒரே ஆள், ஒரே ஊர், இரண்டு தடவையும் கயிற்றின் மேல் நடக்கிறார், ஒரு தடவை அக்கரை சேர்ந்தார், ஒரு தடவை சேரவில்லை. நீளமான ஆட்டத்தில் மட்டும்தான் ஒரு மனிதன் களைப்பதும் பயப்படுவதும் மறுபடி திடப்படுவதும் நமக்குத் தெரியும்.

டிவியில் பார்க்கும்போது சுலபமாகத் தெரிவதை நம்பாதீர்கள், இதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் ஆடும் மேசையில் குழியின் வாய் 4 அங்குலம், பந்து இரண்டேகால் அங்குலம். இரண்டு பந்து ஜோடியாக நுழைய முடியாது. நான் வாரம் ஒருமுறை போகிற கோயம்புத்தூர் பார்லர் ஒன்றில் குழி நம்ம தோட்டத்துத் தொட்டி போல இருக்கும், பந்து ஓரத்தில் இடித்தாலும் உள்ளே போய்விடும். துணி கிழிந்து பிளாஸ்திரி ஒட்டியிருக்கும், கேட்டால் அடுத்த மாதம் மாற்றிவிடலாம் என்பார்கள், மூன்று வருடமாக அடுத்த மாதம்தான். அங்கே நான் ராஜா. ஒருமுறை பெங்களூரில் சின்னக் குழி மேசையில் ஆடிப் பார்த்தேன், ஒன்றரை மணி நேரத்தில் ஒரு ரேக்கைக்கூட ஒழுங்காக முடிக்கவில்லை. அதற்கப்புறம்தான் கோர்ஸ்ட் அடிக்கிற ஒவ்வொரு நேர் பந்துக்கும் மரியாதை வந்தது.

கிழக்குப் பக்கமும் இரண்டு உண்டு, இரண்டும் அக்டோபரை ஒட்டி வரும். ஹனோய் ஓபன் 2023இல் தொடங்கியது, ரெயஸ் கப் 2024இல் மணிலாவில். ரெயஸ் கப் என்பது மொஸ்கோனியின் தம்பி மாதிரி, ஆசியாவும் உலகின் மற்ற நாடுகள் சேர்ந்த அணியும் மோதுவது, பெயர் பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரெயஸுடையது. மணிலாவில் மாலை 7 என்றால் நமக்கு 4:30, ஹனோயில் 7 என்றால் 5:30. பகல் ஷிப்ட் முடிந்து பேக்கரியில் ஒரு டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் போனிலேயே நேரலை ஓடும். கூட்டமும் ஆசியக் கூட்டம், சத்தத்தில் லண்டனுக்குக் குறைவில்லை. மொஸ்கோனிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு அதற்குப் பதிலாக ரெயஸ் கப்பைச் சொல்வேன்.

ஹனோய் என்றதும் ஒரு சண்டையும் ஞாபகம் வருகிறது. நைன் பாலின் பெரிய போட்டிகளை நடத்துவது மேட்ச்ரூம் என்கிற இங்கிலாந்துக் கம்பெனி, உலக அளவில் ஆட்டத்துக்குப் பொறுப்பு டபிள்யூ.பி.ஏ. என்கிற சங்கம். இரண்டுக்கும் யார் அனுமதி கொடுப்பது என்று வாய்க்கால் தகராறு வந்து, அனுமதியில்லாத போட்டியில் ஆடியதாகச் சொல்லி ஆட்டக்காரர்களைத் தடை செய்கிற அளவுக்குப் போனது. ஏதாவது ஒரு வருடத்துப் போட்டியில் உங்களுக்குப் பிடித்த ஆள் பெயரே இல்லையென்றால் உடம்பு சரியில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். டென் பால், எய்ட் பால், சீனாவில் பெரிய பணம் கொடுக்கும் ஹேபால் எல்லாம் தனித்தனி உலகம், முதல் வருடத்துக்கு வேண்டாம். டென் பாலில் எந்தப் பந்து எந்தக் குழி என்று சொல்லி அடிக்க வேண்டும், அதனால் அதிர்ஷ்டத்துக்கு இடம் குறைவு என்பதை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

யு.எஸ். ஓபனைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1976இலிருந்து நடக்கிறது, பழைய மரியாதை உண்டு, ஜெயித்தவர்கள் அதை உலகப் பட்டத்துக்குச் சமமாகவே சொல்வார்கள். நேரம்தான் நமக்கு ஆகாது. முடிவு தெரிந்த பிறகு பார்க்கிற பொறுமை இருந்தால் பாருங்கள்.

டெர்பி சிட்டி கிளாசிக் பற்றித்தான் பந்தியில் கை காயக் காயப் பேசினேன். ஜனவரிக் கடைசியில் அமெரிக்காவின் இண்டியானாவில் ஒரு சூதாட்ட விடுதியில் ஒன்பது நாள் நடக்கிறது, 1999இலிருந்து. மூன்று ஆட்டம்: நைன் பால், பேங்க்ஸ், ஒன் பாக்கெட். பேங்க்ஸில் எந்தப் பந்தும் நேராகக் குழிக்குப் போகக்கூடாது, ஓரத்தில் இடித்துத் திரும்பித்தான் போக வேண்டும். கேரமில் ரீபவுண்ட் மட்டுமே செல்லும் என்று வைத்து ஆடிப் பாருங்கள், புரியும். ஒரு பிரிவில் தோற்றவர் இன்னொரு தடவை காசு கட்டி உள்ளே வரலாம், ரம்மியில் ரீ-என்ட்ரி போடுகிற மாதிரி.

ஒன் பாக்கெட் இருக்கிறதே, அது ஆடு புலி ஆட்டம். மேசையில் ஆறு குழி இருந்தாலும் ஒரு முனையில் இருக்கும் இரண்டு குழிகளில் உங்களுக்கு ஒன்று, எதிராளிக்கு ஒன்று. பதினைந்து பந்தில் உங்கள் குழியில் முதலில் எட்டு விழ வேண்டும். இவ்வளவுதான் விதி. ஆனால் ஒருவர் அடிக்கிற பத்து அடியில் ஏழெட்டு, பந்தை விழ வைப்பதற்காகவே இருக்காது. எதிராளி குழிக்கு அருகில் இருக்கிற பந்தை நகர்த்த, வெள்ளைப் பந்தைக் கூட்டத்துக்குப் பின்னால் ஒளித்து வைக்க, அவர் எதைத் தொட்டாலும் நமக்கு ஒன்று திறக்கிற மாதிரி கட்டிப்போட. ஒரு கேமே ஒரு மணி நேரம் இழுக்கும். புலியை நாலு பக்கமும் அடைக்கிற ஆடு போல மெதுவாக, மெதுவாக. திண்ணையில் கோடு கிழித்துப் புளியங்கொட்டை வைத்து ஆடுகிற தாத்தாக்கள் இதைப் பார்த்தால் எழுந்து போக மாட்டார்கள்.

அங்கே இரவு 8 என்றால் நமக்குக் காலை 6:30. முழு நைட் முடித்து வந்து படுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் பார்க்கலாம், மில்காரர்களுக்கு ஏற்ற போட்டி என்றுகூடச் சொல்லலாம். ஆனாலும் முதல் வருடத்தில் இதைத் தொடாதீர்கள். வெள்ளைப் பந்து ஏன் அங்கே போய் நின்றது என்று கண்ணுக்குப் பழகாதவர்களுக்கு ஒன் பாக்கெட் தூக்க மாத்திரை. நைன் பால் ஒரு வருடம் பார்த்தபின் பாருங்கள். அதற்குள் அவசரம் என்றால் எஃப்ரென் ரெயஸின் பழைய பதிவுகளைத் தேடுங்கள், ஒன் பாக்கெட்டிலும் அவர் பெரிய ஆள். 1985இல் ஹூஸ்டனில் தன்னை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாதென்று சீசர் மொராலெஸ் என்று பெயர் கொடுத்து ஆடி, போட்டியையே ஜெயித்துவிட்டுப் போன மனிதர் அவர். 1995இல் ரீனோவில் ஸ்ட்ரிக்லாண்டுக்கு எதிராகக் கடைசி ரேக்கில், பந்து மறைந்துபோய் வழியே இல்லாதபோது, இரண்டு ஓரத்தில் இடித்து இசட் எழுத்து மாதிரி வெள்ளைப் பந்தை அனுப்பிப் பந்தை விழ வைத்த அடியை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பழைய ஆட்டங்கள் நிறைய யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன, இதற்கு ஷிப்டும் தடையில்லை, சந்தாவும் வேண்டாம்.

இதெல்லாம் கேட்டுவிட்டு அவன், "போட்டியைப் புடிக்கறதுக்குப் பதிலா ஒரு ஆளைப் புடிச்சுக்கிட்டா என்னங் மாமா?" என்றான். நல்ல கேள்வி. சொல்லப்போனால் நான் முதலிலேயே அங்கிருந்துதான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

நாலு பேரைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஷேன் வான் போனிங், தெற்கு டகோட்டாக்காரர், பிறவியிலேயே காது சரியாகக் கேட்காது, கருவி வைத்திருக்கிறார். யு.எஸ். ஓபனை ஐந்து தடவை ஜெயித்தவருக்கு உலகப் பட்டம் மட்டும் கைக்கு வராமலே இருந்தது. 2015 இறுதியில் தைவானின் கோ பின்-யியிடம் தோல்வி, 2016 இறுதியில் ஆஸ்திரியாவின் ஆல்பின் ஊஷனிடம் தோல்வி, கடைசியில் 2022இல் அதே ஊஷனை இறுதியில் வீழ்த்தி வாங்கினார். பிரேக் எப்படி அடிக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள இவரைப் பார்க்கலாம். ஜெர்மனியின் ஜோஷ்வா ஃபில்லர் 2018இல் இருபத்தொரு வயதில் உலக சாம்பியன். குனிவது தெரியும், பந்து விழுவது தெரியும், நடுவில் யோசிக்கிறாரா என்பதே தெரியாது. பார்க்க அருமை, ஆனால் புதியவர்களுக்கு என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் ரேக் முடிந்திருக்கும். மாஸ்கோவில் பிறந்து இப்போது அமெரிக்காவுக்கு ஆடும் கோர்ஸ்ட் 2019இல் பத்தொன்பது வயதிலேயே பட்டம் வாங்கியவர், கணக்கு வாத்தியார் மாதிரி, ஒரு படியையும் விடமாட்டார்.

நான் கைகாட்டுவது நாலாவது ஆளை, கார்லோ பியாடோவை. அவர்தான் நால்வரில் பெரியவர் என்று சண்டைக்கு வர மாட்டேன். அவரைப் பிடித்துக்கொண்டு போனால் மற்ற எல்லோரும் வழியில் வந்து சேருவார்கள், அதற்காகத்தான். 2017இல் சக நாட்டவரான ரோலண்ட் கார்சியாவை இறுதியில் ஜெயித்து உலகப் பட்டம். 2018இல் மறுபடி இறுதி, அங்கே எதிரே நின்றது ஃபில்லர், தோல்வி. 2021 யு.எஸ். ஓபன் இறுதியில் சிங்கப்பூரின் அலோஷியஸ் யாப்பிடம் 3-8 என்று பின்தங்கி, அதற்கப்புறம் தொடர்ந்து பத்து ரேக் எடுத்து 13-8. 1994இல் அதே பட்டத்தை வாங்கிய ரெயஸ் வந்த நாட்டிலிருந்தே வந்தவர். அப்புறம் 2025, ஜெட்டா, கோர்ஸ்ட். எட்டு வருடத்தில் நாலு இறுதி ஆட்டம். வாரம் ஒன்று என்று பார்த்தால்கூட ஒரு மாதத்தில் இந்தக் காலத்து நைன் பாலின் கதை முக்கால்வாசி கைக்குள் வந்துவிடும்.

அந்த 2021 ஆட்டத்தைப் பார்க்கும்போது மேசையை விட்டுவிட்டு நாற்காலியையும் பாருங்கள். எதிராளி ஆடும்போது தோற்கிறவருக்கு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேலை கிடையாது. முதல் பாதியில் பியாடோ உட்கார்ந்திருக்கிறார், இரண்டாம் பாதியில் யாப் உட்கார்ந்திருக்கிறார். மழைக்குக் காத்துக்கிடக்கிற மானாவாரிக்காரன் முகம் இருவருக்கும்.

இவ்வளவையும் எழுதிப் போன வாரம் மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பியாடோவில் ஆரம்பி, ஜூன் ஜூலையில் உலகப் போட்டிக்கு மட்டும் ஒரு மாதச் சந்தா கட்டு, அக்டோபரில் மணிலா, மொஸ்கோனிக்கு ஒரே ஒரு ராத்திரி நம்ம வீட்டு மாடிக்கு வந்துவிடு, டெர்பி அடுத்த வருடம் என்று பட்டியலே போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துக் குரல் பதிவு வந்தது. பின்னால் பஸ் ஹாரன். "ஏனுங் மாமா, நான் அந்த ஃபில்லரையே வெச்சுக்கறனுங். மத்தவங்க மேட்ச் எல்லாம் பாதிலயே எறங்க வேண்டியதாப் போயிருது. இவரு அடிச்சு முடிக்கறதுக்கும் பழைய பஸ் ஸ்டாண்டு வர்றதுக்கும் கரெக்டா இருக்குதுங்."